மிசஸ் சாலமோனின் கல்

வாசலில் நின்ற கல்தச்சர் மாடக்கண்ணு மறுபடியும் கேட்டார்.

"பேரு என்னன்னு வெட்ட, சார்?"

சாலமோன் மகளைப் பார்த்தார். ஸ்டெபி சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். கறுப்புக் கல் ஏற்கெனவே ஏரலுக்கு வந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. அம்மா செத்து வருஷம் திரும்பப் போகிறது. சபையின் பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணிக் கல்லை மூடிய துணியை விலக்குவதற்குள் கல்லில் எழுத்து ஏறியாக வேண்டும்.

"மிசஸ் டி. சாலமோன்," என்றார் சாலமோன். "இங்கிலீஷ்ல. மிசஸ் மேல சின்னதா. சாலமோன் நல்லா கொட்டை எழுத்துல."

"பாக்கியவதி," என்றாள் ஸ்டெபி. "அண்ணாச்சி, பாக்கியவதின்னு வெட்டுங்க."

"ஏட்டி, சும்மா இரி. நம்ம குடும்பத்துல எந்தக் கல்லுலயாவது பொம்பளை பேரு இருக்கா? எங்கம்மா கல்லுல என்ன இருக்கு? மிசஸ் தானியேல். ஆச்சி கல்லுல? மிசஸ் வேதமுத்து. வெள்ளைக்காரத் துரைசானியம்மா காலத்துலருந்து அதான் மரியாதை. வேலைக்காரியத்தான் பேரு சொல்லிக் கூப்பிடுவாவ."

மாடக்கண்ணு வெற்றிலையை வாயின் மறுபக்கம் ஒதுக்கினார். "அப்பம் எம் பொண்டாட்டிக்கு மரியாதையே கிடையாது சார். இசக்கித்தாய்னு தெருமுனையில நின்னு கத்துனா சுத்துப்பட்டு அம்புட்டுக்கும் கேக்கும்."

ஸ்டெபிக்குச் சிரிப்பு வந்தது. சாலமோனுக்கு வரவில்லை.

"துரைசானி ஊருலயே அத விட்டுட்டு வாராவப்பா," என்றாள். "பொம்பளைக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு பேருக்கு முன்னால ஒட்டி வைக்க வேண்டாம்னு பொதுவா எம்.எஸ்.னு ஒண்ணு எழுதுதாவ. சேர்மன்னு சொன்ன எடத்துல சேர்பர்சன்ங்கிறாவ. அங்கனயே மாறிட்டு. நாமதான் அவங்க கழிச்சுப் போட்டதக் கல்லுல வெட்டிக்கிட்டு இருக்கோம்."

"அவன் இன்னைக்கு ஒண்ணு சொல்லுவான், நாளைக்கு ஒண்ணு சொல்லுவான். அவன் மாறுத மாறுதலுக்கெல்லாம் நான் கல்ல மாத்திக்கிட்டு இருக்க முடியுமா?"

"எனக்கும் நாளைக்கு எம் மாப்பிள்ளை பேர ஒட்டி மிசஸ் எபின்னுதான் வெட்டுவியளா?"

"அது எபி வீட்டுப் பாடு. மாடக்கண்ணு, நான் சொன்னத வெட்டும்வே."

மாடக்கண்ணு போய்விட்டார். கூலி கொடுப்பவர் சொன்னதைத்தான் உளி கேட்கும்.

ஸ்டெபி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். அங்கே போன வருஷம் அவளும் இன்னும் சில டீச்சர்களும் போராடி, நிர்வாகக் கமிட்டி அறையின் பலகையில் இருந்த சேர்மனைச் சேர்பர்சன் ஆக்கினார்கள். கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். பலகை மாறியது. நாற்காலியில் பழைய ஆளேதான் உட்கார்ந்திருந்தார். அதற்கே அவள் அன்று சந்தோஷப்பட்டாள். சொல் மாறினால் கொஞ்சம் கொஞ்சமாக ஆளும் மாறுவான் என்று படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை. இருக்கட்டும். சொந்த வீட்டில் ஒரு கல்லை அவளால் மாற்ற முடியவில்லை.

பாக்கியவதி என்ற பெயர் எங்கே போயிற்று என்று கேட்டால், யாரும் திருடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அறிவிப்பு ஓலையில் எழுதி, சபைக் கோவிலில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் அவள் 'ஏட்டி'. வெளி ஆள் முன்னால் 'ஸ்டெபி அம்மா'. சபையிலும் பெண்கள் சங்கத்திலும் 'மிசஸ் சாலமோன்'. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்த சாலமோனுக்கு அந்த மிசஸ் ஒரு பெருமை. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் ஒரு நாள் அந்தப் பெயர் அவளைத் தேடி வந்தது.

வயிற்று வலிக்காகத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் ஆதார் கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். இரண்டு பேரும் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். பாக்கியவதியின் மடியில் காப்பி பிளாஸ்க். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"பாக்கியவதி! பாக்கியவதி யாரும்மா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். சாலமோன் சுற்றிப் பார்த்தார்.

"எவளோ ஒருத்தி, கூப்பிடக் கூப்பிட வராம இருக்கா பாரு. டாக்டரக் காக்க வைக்கா."

"பாவம், எங்கயாவது வெளிய போயிருப்பா," என்றாள் பாக்கியவதி.

நர்ஸ் அடுத்த பெயருக்குப் போனாள். இவர்கள் காத்திருந்தார்கள். கூட்டம் கலைந்தது. டாக்டரும் போய்விட்டார். அப்போதுதான் சாலமோன் எழுந்து போய், மிசஸ் சாலமோனை ஏன் கூப்பிடவில்லை என்று சத்தம் போட்டார். நர்ஸ் சீட்டைக் காட்டினாள். அவர் அதை வாசித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாக்கியவதிதான் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டு வீணாயிற்று. அவள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அவர் வீம்பில் மறுபடி சீக்கிரம் கூட்டிப் போகவில்லை. கடைசியில் போனபோது டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே," என்றார்.

சாலமோன் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போய்விடுமா? ரேஷன் கடையில், பஸ் ஸ்டாண்டில், எந்தப் பெண்பிள்ளையாவது "யாரும்மா?" என்று குரல் கொடுத்தால் அவருக்கு முதுகு விறைக்கும். கோவிலில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே ஒரு நிமிஷம் அமைதி வரும். அந்த அமைதியில் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பார். கதவு முன்பிருந்தே திறந்துதான் கிடக்கும். அந்தப் பெயரையா கல்லில் வெட்டுவார்? மரியாதை மரியாதை என்று அவர் கத்தியதில் பாதி பயம்.

கல் நட்ட மறுநாள் காலை, சாலமோன் ஆற்றுப்பாலத்துப் பக்கம் டீக்கடைக்குப் போனார். வாழைத்தார் வியாபாரி செந்தூர்பாண்டி கடைக்குள்ளிருந்து வெளியே வந்தவர், இவரைக் கண்டதும் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி! நீங்க..."

"என்னவே, பேயக் கண்ட மாதிரி பாக்கீரு?"

"பேயத்தான் கண்டேன்னு நினைச்சேன். தோட்டத்துக்குப் போற வழியில ஒங்க கல்லறைச் சுவரத் தாண்டித்தான போவேன். புதுக் கல்லு, மாலை போட்டிருக்கு. கொட்டை எழுத்துல சாலமோன்னு வாசிச்சேன். அண்ணாச்சி போயிட்டாரே, நமக்கு ஒரு ஆளும் சொல்லி விடலயேன்னு இப்பத்தான் இங்கன பொலம்பிக்கிட்டு இருந்தேன்."

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். "அப்பம் இன்னைக்கு டீ செந்தூர்பாண்டி கணக்கு. செத்தவருகிட்ட எப்படித் துட்டு வாங்க?" என்றான் கடைக்காரன்.

சாலமோனும் சிரித்துவைத்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்.

மாலை சரிந்து மிசஸ்ஸை மூடியிருந்தது. மிச்சம் இருந்தது அவர் பெயர். உயிரோடு இருக்கிற ஒருவன் தன் கல்லுக்கு முன்னால் நின்று தன் பெயரை வாசித்தான். அவர் மாலையை ஒதுக்கிவிட்டார். காற்றில் அது மறுபடி சரிந்தது. திரும்பிப் பக்கத்து வரிசையைப் பார்த்தார். அப்பாவின் கல்லில் தானியேல். அம்மாவின் கல்லிலும் தானியேல். அந்தப் பக்கம் வேதமுத்து, வேதமுத்து. ஆண்கள் ஒவ்வொருவனும் இரண்டு தடவை செத்திருந்தான். பெண்கள் ஒருத்திகூடச் சாகவில்லை. பிறந்திருந்தால்தானே?

அம்மாவின் பெயர் என்ன என்று யோசித்தார். வெயில் ஏறுகிற வரை அங்கேயே நின்று யோசித்தார். அப்பா அவளை 'ஏளா' என்று கூப்பிட்டது நினைவில் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டெபியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்லை மாற்றினால் ஊர் என்ன சொல்லும், சபை என்ன சொல்லும் என்ற பயம் அதற்குள் மறுபடி வந்து நின்றுகொண்டது. மனுஷன் அப்படித்தான்.

ஜெபத்தன்று சபையார் கல்லைச் சுற்றி நின்றார்கள். வயசானவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. முந்தின நாள் கல்லுக்குப் போர்த்தியிருந்த துணியை ஐயர் விலக்கினார். "நம்முடைய சகோதரி மிசஸ் சாலமோன் அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து..." என்று தொடங்கினார்.

ஸ்டெபி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். கல்லுக்குப் பக்கத்தில், எல்லாரையும் பார்த்து நின்றாள். அழவில்லை. பிரசங்கம் பண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்துகொண்டு கூப்பிடுவார்களே, அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"பாக்கியவதி! பாக்கியவதி யாரும்மா?"

ஐயர் நிறுத்திவிட்டார். சாலமோனின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. இவளுக்கு எப்படித் தெரியும்? பாக்கியவதி கடைசி நாட்களில் மகளிடம் சொல்லியிருந்தாள். ஒரு வேடிக்கை போல, சிரித்துக்கொண்டே. 'எம் பேரு எனக்கே மறந்து போச்சு பாத்துக்கோ.'

பெண்கள் சங்கத்து வரிசையில் மிசஸ் இன்பமணி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். பாக்கியவதியோடு ஒரே பாயில் முழங்கால்போட்டு வருஷக்கணக்காக ஜெபம் பண்ணினவள் இந்த மிசஸ் இன்பமணி.

"பாக்கியவதியா? அது யாருட்டி?"

"தெரியலையேக்கா. நம்ம சபையில அப்படி யாரும் இல்லையே."

ஸ்டெபி மறுபடி கூப்பிட்டாள். "பாக்கியவதி யாரும்மா?"

நாற்காலி ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. சாலமோன் எழுந்து நின்றார். கூட்டத்துக்குப் பின்னால் இருப்பவன் டாக்டர் அறைக்குத் தெரியும்படி கையைத் தூக்குவானே, அப்படித் தூக்கினார்.

"இங்கன," என்றார். "இங்கன இருக்கா, சிஸ்டர். எம் பக்கத்துலதான் இருக்கா."

தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. கல்லில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் வெயில் பட்டு மினுங்கியது.