மின்னல் கட்டிய வாத்து வீடு

மூன்று வாத்துகளும் முன்கதவு வழியாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே போயின. போன வேகத்திலேயே பின்கதவு வழியாக வெளியே வந்து, எலுமிச்சை மரத்தடியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தன. என் வீட்டுக்காரர் கையில் திருப்புளியோடு அசையாமல் நின்றார். ஆயுசு முழுக்கப் பட்டறையில் பஸ்ஸுக்குப் பாடி கட்டியவர். வாத்துக்கு வீடு கட்டச் சொன்னால் அதற்கும் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி வைத்துவிட்டார். பக்கத்துக்கு இரண்டு ஜன்னல், ஜன்னலுக்கு ரப்பர் பட்டை, மழை வந்தால் இறக்கிவிட ஷட்டர்.

"கண்டக்டர் சீட்டு மட்டும்தான் பாக்கி" என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்தவுடன் தப்புச் செய்தவள்போல் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மகன் போனதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே அழுகை வந்தது. துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் கொடிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாத்துகள் அவன் கொண்டுவந்தவை. சட்டை வாங்கிய அட்டைப்பெட்டியில் மூன்று குஞ்சுகளை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி பின்பக்கமாக வந்தான். முன்வாசலில் நான் இருப்பேன் என்ற பயம். அதிகமாகக் கத்திய பெட்டைக்கு மேனேஜர் என்று பேர் வைத்தான். அதோடு கூடப்பிறந்த ஆண் வாத்துக்கு எந்நேரமும் சளி பிடித்த குரல். அதற்கு அவன் அப்பாவின் பட்டப்பெயரையே வைக்கப் பார்த்து என்னிடம் திட்டு வாங்கினான். சாமான் அறையில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்தான். நல்ல வீடாகக் கட்டித் தருகிறேன், நாளைக்கு, அடுத்த வாரம் என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருநாள் வேலைக்குப் போனவன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. இதைச் சொல்ல வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் அக்கா இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. போகமாட்டேன் என்றாள். போ என்று சொன்னது நான்தான். இருபத்தெட்டு வயசுப் பெண் இரண்டு கிழங்களுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டு, சுவரில் மாட்டிய போட்டோவைத் துடைத்துக்கொண்டு எத்தனை காலம் இருப்பாள்? அவளை உட்கார வைத்து, ராத்திரி மனதுக்குள் ஒத்திகை பார்த்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாத்துக்கு ஒரு இடம் ஆகட்டும் அத்தை. அது ஆனதும் போறேன். அவரு கட்டித்தரேன்னு சொன்னது" என்றாள். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கே அளவு டேப்பைத் தேடி எடுத்தார்.

பட்டறையில் அவருக்கு மின்னல் என்று பேர். பஸ் கட்டுவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அவர் ரிவெட் அடித்த வேகத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் தகடு எடுத்துக் கொடுக்கத் திணறுவார்களாம். அப்படிப்பட்டவருக்கு வாத்து வீடு மட்டும் முடியவே மாட்டேன் என்றது. இறங்கும் வழியை அடைத்தார். அடைத்த பலகை கோணல் என்று பிரித்து மறுபடி அடைத்தார். அப்புறம், ஜன்னல் வாத்தின் உசரத்துக்கே இருக்கிறது, காற்று நேராக அதன் மேல் அடிக்கும் என்று மருமகள் சொல்லப்போக, அதைத் தூக்கி மேலே வைக்க ஒரு வாரம். வாத்துகள் வரிசையில் நிற்காது, எல்லாம் ஒன்றாகத்தான் நுழையும் என்று கதவை அகலப்படுத்தினார். அது நியாயம். ஏறும் பலகை செங்குத்தாக இருக்கிறது, வழுக்கும் என்று நீட்டினார். அதுவும் நியாயம். பெயின்ட் வாசனை போகவில்லை என்று கூரையையே கழற்றிக் காயப்போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரோ ஆடத் தெரிந்தும் கூடத்தைக் கோணலாக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் தேநீர் கொண்டுபோனேன். காலையில் முடுக்கிய கீலை உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சத்தம் வருது."

"கீல்னா சத்தம் வரும்."

கழற்றிய திருகாணிகளை ஒரு மூடியில் போட்டுக் குலுக்கினார்.

"இதை முடிச்சா அவ போயிருவா" என்றார்.

"போகத்தான் சொல்றோம்."

"நீ சொல்ற. நான் எப்ப சொன்னேன்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேநீர் டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ராத்திரி டியூட்டி முடிந்து அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது என்று இவரிடம் நான் சொன்னதில்லை. அதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கீலைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருநாள் வேலைவிட்டு வரும்போது கடையிலிருந்து ஒரு தாழ்ப்பாளும் திருகாணியும் வாங்கி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்பக்கம் போனாள்.

"மாமா, நான் கதவைப் பிடிச்சுக்கிறேன். நீங்க முடுக்குங்க."

"இந்தத் தாழ்ப்பாள் மெலிசு. நாய் முட்டினா..."

"மாமா." அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "அவரும் நாளைக்கு நாளைக்குன்னுதான் சொன்னாரு."

அவர் திருப்புளியை எடுத்தார். பட்டறைக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போவதற்குள் தாழ்ப்பாள் பொருந்தியிருந்தது, கீல்கள் பொருந்தியிருந்தன, கூரை ஏறியிருந்தது. ஒரு துளி சத்தமில்லாமல் கதவு மூடியது. அவர் அதைத் திறந்து திறந்து மூடிக் காட்டினார். பிறகு குழாயடிக்குப் போய், அழுக்கே இல்லாத கையை ரொம்ப நேரம் கழுவினார்.

அன்று பொழுது சாயும்போது எனக்குப் பாடம் நடந்தது. கோழி இருட்டினால் தானே அடைந்துவிடும், வாத்து அடையாது. கூப்பிட்டாலும் வராது, பிடித்தால் பயந்துவிடும். "பின்னால போங்க அத்தை. ரெண்டு கையையும் லேசா விரிச்சுக்குங்க. தொடக்கூடாது. சும்மா நடந்தாப் போதும், அதுங்க முன்னால போயிடும்" என்றாள். நான் வேகமாகப் போனேன். மேனேஜர் என் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. "இல்ல அத்தை. அது நின்னா நீங்களும் நிக்கணும். ஒரு அடி அவசரப்பட்டாலும் திரும்பிடும்." மறுபடி முயன்றேன். மூன்றும் நீட்டிய பலகையில் ஏறி, புது வைக்கோலை மோந்து பார்த்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்தன. நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். "கத்துக்கிட்டீங்க" என்றாள். பாராட்டுகிறாளா, குறைபட்டுக்கொள்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

கிளம்பிய காலையில் வாடகைக் கார் நேரத்துக்கு முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. வாத்துகளிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனாள். என் வீட்டுக்காரர் வாத்து வீட்டருகே குனிந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைத் திறந்துவிடவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. "போயிட்டு வரேன் மாமா" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டின் பக்கவாட்டுப் பாதையில் அவள் பையோடு முன்னால் நடந்தாள், நான் பின்னால். குழாயடியில் நின்று, சொட்டிக்கொண்டிருந்த திருகை மூடினாள். நானும் நின்றேன். சாமான் அறை வாசலில் தயங்கினாள். நானும் தயங்கினேன். அவள் நகர்ந்ததும் நகர்ந்தேன். என் கைகள் இரண்டும் லேசாக விரிந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மடக்கிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை.

கேட்டின் மேல் ஒரு கையை வைத்து அவள் நின்றாள். முதுகு எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு அடி அவசரப்பட்டால் போதும், திரும்பிவிடுவாள். பின்னால் தாழ்ப்பாளுக்கு உள்ளிருந்து மேனேஜர் கத்தத் தொடங்கியது. நான் விரித்த கையோடு அப்படியே நின்றேன்.