பென் டிரைவில் ஒன்றுமில்லை

கம்ப்யூட்டர் மறுபடியும் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டது. கீதாஞ்சலி நாற்காலியை விட்டுச் சட்டென்று எழுந்தாள். ஷஹானா மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். சமையலறையிலிருந்து ஷஹானாவின் அம்மா குரல் கொடுத்தாள்.

“அந்தப் பொண்ணு குச்சியச் சொருவுனாலே இப்படித்தான் ஆவுது.”

குச்சி என்றது பென் டிரைவை. கீதாஞ்சலி கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள். வங்கித் தேர்வுக்கான மாதிரித் தாள்களை அதில்தான் சேர்த்து வைத்திருந்தாள். தினமும் காலையில், கடை திறக்கும் முன் ஷஹானா வீட்டுக்கு வந்து அவற்றை எழுதிப் பழகிவிட்டுப் போவாள். போனில் அது சரிப்படாது. கல்லூரியில் இருவரும் வேதியியல் படித்தவர்கள், ஒரே பெஞ்ச்.

அம்மா சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. கீதாஞ்சலி வரும் காலைகளில்தான் கம்ப்யூட்டர் படுத்தது. மத்தியானம் ஷஹானா உட்கார்ந்தால் சமர்த்தாக ஓடியது. அவள் வைரஸ் ஸ்கேன் போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரிலும் ஒன்றுமில்லை, பென் டிரைவிலும் ஒன்றுமில்லை. அதைச் சொல்லலாமென்று வந்தபோது, அம்மா பக்கத்து வீட்டு மெஹரூன்னிசா மாமியிடம் வைரஸ் கதையைப் பாதி முடித்திருந்தாள். மாமி உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே போய் இல்லையென்று சொல்ல ஷஹானாவுக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் கீதாஞ்சலிக்கு மெசேஜ் அனுப்பினாள். கொஞ்ச நாள் வராதே, அம்மா வேணாங்குறாங்க. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

கீதாஞ்சலி வருவது நின்றது. கம்ப்யூட்டர் படுப்பது நிற்கவில்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் காலையானால் அதே நீலம். கடைசியில் யூடியூப் பார்த்துத் திருப்புளியால் பக்கத்து மூடியைக் கழற்றி, ரேம் அட்டையைப் பிடுங்கினாள். தங்க நிறத்தில் இருக்கவேண்டிய பற்களில் பச்சை பூத்திருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பொருக்கு. அந்தத் தடம் மேலே ஏறிப் பெட்டியின் காற்றுத் துளைகளில் போய் முடிந்தது. துளைகளின்மேல் அம்மா வைத்த முடிச்சு.

புதுச் சாமான் எது வந்தாலும் கண்ணேறு படாமலிருக்க உப்பும் காய்ந்த மிளகாயும் முடிந்து அதன்மேல் வைப்பது அம்மாவின் வழக்கம். கடை உப்பாக இருந்தால் தாங்கியிருக்கும். இது அளத்திலிருந்து நேராக வந்த உப்பு. உப்பளத்தில் கூலிவேலை செய்யும் கீதாஞ்சலியின் அம்மா கொளஞ்சியம்மாள் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது. அந்த உப்பில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து நீராய்க் கசியும். ராத்திரியெல்லாம் கசிந்து, காலையில் ஈரமாய் நின்று, வெயில் ஏறினால் உலரும். ஷஹானா இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறாள். தூசி தட்டும்போதெல்லாம் முடிச்சைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்தவளும் அவள்தான்.

அவளுக்குக் காது சுட்டது.

அன்றைக்கே அளத்து ரோட்டில் நடந்து கீதாஞ்சலி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே ஸ்கேன் போட்டதையும் உப்புக் கசிந்ததையும் சொன்னாள். கீதாஞ்சலி சிரித்துவிட்டாள்.

“கம்ப்யூட்டருக்கு ஊறுகா போட்டு வச்சீங்களாடி?”

ஷஹானாவும் சிரிக்கப் பார்த்தாள். இனி எப்போதும்போல வா, பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு வா என்றாள். கீதாஞ்சலியின் சிரிப்பு நின்றது. அதை மெசேஜ் வந்த அன்றைக்கே ஃபார்மேட் செய்துவிட்டாளாம். வைரஸ் கடைக்கும் பரவிவிடுமோ என்ற பயம். சேர்த்து வைத்த தாளெல்லாம் போயிற்று.

“ஸ்கேன் போட்டேன்னியே, அப்ப உனக்குத் தெரியாதா?” என்று கேட்டாள்.

தெரியாதென்று சொல்லிவிடலாம். கீதாஞ்சலி நம்புவாள்.

“தெரியும்.”

கீதாஞ்சலி சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

“உங்க பக்கத்து வீட்டு மாமி கடைக்கு வந்தாங்க. ‘எங்க வீட்டுப் போட்டோவ இந்தப் பொண்ணு கையில குடுக்காதீங்க, வைரஸ் ஏத்திடுவா’ன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டாங்க. அவரு இப்ப என்னைக் கம்ப்யூட்டர்ல உக்கார விடறதில்ல. இந்த மாசத்தோட நின்னுக்கன்றாரு. எங்கிட்ட வந்து சொல்லி என்னாடி ஆவப் போவுது?”

ஷஹானா திரும்பி நடந்தாள். வழி நெடுக என்ன சொல்வதென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மாமி வீட்டு வாசலில் மாமியும் அம்மாவும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர்கள் போகட்டுமென்று காத்தாள். அவர்கள் போகவில்லை.

சொன்னாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“என்னம்மா சொல்ற? காதுல விழல” என்றார் மாமி. அம்மா கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ புரிந்துவிட்டதுபோல வேண்டாமென்று தலையசைத்தாள்.

“கீதாஞ்சலி மேல தப்பில்ல மாமி. வைரஸே கெடையாது. அன்னிக்கே எனக்குத் தெரியும். நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்” என்றாள் ஷஹானா. “நீங்க எங்கூடக் கடைக்கு வந்து ஓனர்கிட்ட சொல்லணும்.”

குடத்தோடு நின்றவர்கள் இவள் பக்கம் திரும்பினார்கள். மாமி மடியிலிருந்த கீரைக்காம்புகளை மெல்லத் தட்டிவிட்டு எழுந்தார்.