ஹாக்ஸ்லி பாலத்துக் குழாயடி

ஆஸ்வால்ட் பிரிங்கிளைப் போல ஓர் அற்பனை இந்தக் கால்வாயில் நான் பார்த்ததில்லை. படகுக்காரர் சங்கத்தின் தலைவர் என்று தானே சொல்லிக்கொள்வார். அந்தச் சங்கத்தில் இரண்டாவது ஆள் இருப்பதாக யாருக்கும் தெரியாது.

ஹாக்ஸ்லி பாலத்தருகே குடிநீர்க் குழாய் ஒன்றே ஒன்று. இருபதடி தள்ளி, படகுக் கழிவறையில் கழிவு சேரும் பெட்டிகளைக் கொட்டிக் கழுவும் அறை. படகிலேயே குடியிருக்கிற எங்களுக்கு இரண்டும் இல்லாமல் முடியாது. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நானும் என் மனைவி கிளெனிசும் போனபோது, ஆஸ்வால்டின் பளபளக்கும் படகு குழாயடியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் தன் படகில் வின்னி காத்திருந்தாள்.

"ரெண்டு மணி நேரமாச்சு. தொட்டி எப்பவோ நிரம்பிடுச்சு. தலைவரு பித்தளைக்குப் பாலிஷ் போடுறாராம்" என்றாள்.

அப்போதுதான் அவர் தன் கழிவறைப் பெட்டியோடு இறங்கினார். அறை வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், திரும்பி வந்தார். பெட்டியின் வாயைக் குடிநீர்க் குழாயில் பொருத்தி அலசத் தொடங்கினார்.

"யோவ்! என்னய்யா பண்றே?" வின்னி கத்தினாள்.

"கத்தாதீங்க மேடம். அங்க தரையெல்லாம் ஈரம், என் ஷூ என்னாகறது? உள்ள ஒண்ணுமில்ல, சும்மா அலசுறேன்."

அவர் முடித்ததும் கிளெனிஸ் அதே குழாயில் கெட்டிலை நிரப்பினாள். எங்கள் படகுக்குள் போனவள் நல்ல கோப்பையில் ஆவி பறக்கும் தேநீரோடு வந்து நீட்டினாள்.

"தலைவருக்கு மரியாதை செய்ய வேணாமா? குடிங்க சார்."

வாங்க நீண்ட அவர் கை பாதியில் நின்றது. "எனக்கு... டாக்டர் டீயை நிறுத்தச் சொல்லிட்டார்."

"எப்ப? இப்பத்தானா?" என்றாள் வின்னி. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

காது வரை சிவந்துபோய்ப் படகை அவிழ்த்தார். ஆனால் தாழ்வான அந்தப் பாலம் படகுக்கு வழிவிடாமல் மூடியிருந்தது. அதைச் சுழற்றித் திறக்கும் பூட்டு எதிர்க்கரையில். அந்தப் பக்கம் படகைக் கட்ட இடமில்லை; இந்தப் பக்கம் கட்டிவிட்டுப் போய்த் திறந்தால் படகுக்குத் திரும்ப வழியில்லை. தனியாள் யாரையாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஹாரனை அடித்தார். ஒருவரும் அசையவில்லை. காற்று அவரை நாணலுக்குள் தள்ளியது. எனக்கு அது இனித்தது, மறைப்பானேன்.

கால்மணி நேரம் கழித்து கிளெனிஸ் பாலத்துப் பூட்டின் சாவியை எடுத்தாள்.

"அந்த ஆளுக்கா உதவி பண்ணப் போறே?" என்றேன்.

"உதவியா? குப்பைய வாசல்ல வச்சிக்கிட்டு எத்தனை நேரம் உட்காந்திருக்கறது?"

பாலத்தைக் கடந்துபோய்ப் பூட்டைத் திறந்து, முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். ஆஸ்வால்ட் நேராகப் பார்த்தபடி கடந்தார். அவளருகே வந்தபோது மட்டும் சொன்னார்: "கொஞ்சம் சீக்கிரமாவே திறந்திருக்கலாம்."

கிளெனிஸ் அவரைப் பார்க்கவே இல்லை. கார்கள் காத்திருந்தன, பாலத்தை மூடிவிட்டு வந்தாள். நாங்கள் மூவரும் ப்ளீச் ஊற்றி, அந்தக் குழாயை மதியம்வரை தேய்த்தோம்.