என்னோட பாட்டு ஞானம்

பவர்ஹவுஸ்ல ஒருத்தர் ரிட்டையர் ஆனா, மாலையைப் போட்டு ஜீப்புல ஏத்தி, மைக்செட் கட்டி, கேம்ப் பூரா சுத்திக் குவார்ட்டர்ஸ்ல கொண்டுபோய் விடறது எங்க குந்தாப் பக்கத்து வழக்கமுங்க. ஜீப்புல ஓடற பாட்டை ரிட்டையர் ஆகறவரே எழுதிக் குடுக்கணும். சாமி பாட்டு ஒண்ணு, பழசு நாலு, பசங்க ஆடறதுக்கு அஞ்சு, ஆக மொத்தம் பத்து. இத்தனை வருசத்துல எத்தனையோ பேரோட லிஸ்ட்டை வாங்கிப் படிச்சுட்டு, "இதெல்லாம் ஒரு டேஸ்ட்டா?"ன்னு மூக்கைச் சுளிச்சவன் நான். போன வைகாசியில என்ற முறை வந்துது.

ஏற்பாடெல்லாம் ரவிக்குமார்தான். ஷிப்டுல எனக்கு அடுத்த ஆள். "வெள்ளியங்கிரி அண்ணன் லிஸ்ட்டுக்குத்தான் கேம்ப்பே காத்திருக்குது. பாட்டு விசயத்துல நீங்க பெரிய ஆளு"ன்னான். அந்தப் பட்டத்தை எனக்கு யார் குடுத்தாங்கன்னு கேட்டீங்கன்னா, நானேதான் குடுத்துக்கிட்டேன்.

எனக்கு இருந்த கவலை ஒண்ணே ஒண்ணு. முதல் பாட்டு எங்கூட்டுக்காரி பங்கஜத்துக்குப் பிடிச்சதா இருக்கோணும். பதினேழு வருசத்துக்கு முன்னால நான் சொன்ன ஒரு சொல்லுல அவ பாடறதையே நிறுத்திட்டா. இத்தனை நாளா ஷிப்டுன்னு சொல்லித் தப்பிச்சாச்சு. ரிட்டையர் ஆனா கேத்தியில வாடகைக்குப் பார்த்த ரெண்டு ரூம் ஊட்டுக்குள்ள நாள் பூரா நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். சத்தமே இல்லாத அந்த ஊட்டை நெனைச்சா எனக்குப் பயமா இருந்துது. எப்படியாவது அவளை மறுபடி பாட வெச்சுடோணும்.

அப்படி அவளை நிறுத்த வெச்ச என்ற ரசனை எப்படி வளந்துதுன்னு கேட்டா நீங்களே சிரிப்பீங்க. அன்னூர்ல பத்து வயசுல எனக்குப் பிடிச்ச பாட்டு, மாரியம்மன் நோம்பிக்குக் குழாய் ஸ்பீக்கர்ல எது சத்தமா வருதோ அது. பதினஞ்சு வயசுல, மாமன் மகன் ஆறுக்குட்டிக்கு எது பிடிக்குமோ அது. ஏன்னா டேப்ரெக்கார்டர் அவன்கிட்டத்தான் இருந்துது. ஐ.டி.ஐ. படிக்கறப்ப பஸ்சுல இந்துமதின்னு ஒரு புள்ள இந்திப் பாட்டை முணுமுணுத்துட்டே வரும். நானும் ஒரு வார்த்தை புரியாம ஆறு மாசம் இந்திப் பாட்டாவே கேட்டேன். அந்தப் புள்ள ஒரு நாளும் திரும்பிப் பார்க்கலை. இந்தியும் வரலை.

வேலைக்கு வந்த எடத்துல எங்க இன்ஜினியர் சார் கர்நாடக சங்கீதப் பைத்தியம். உடனே நானும் தொடையில தாளம் தட்ட ஆரம்பிச்சேன். சினிமாப் பாட்டு எது ஓடினாலும், "இது இன்ன ராகம்"னு எடுத்துவிடுவேன். எனக்குத் தெரிஞ்ச ராகத்துப் பேர் மொத்தமே மூணு. அதையே மாத்தி மாத்திச் சொல்லிட்டிருந்தேன். கேக்கறவங்களுக்கு அந்த மூணும் தெரியாதுங்கறதால வண்டி ஓடிப்போச்சு.

டர்பைன் பக்கத்துல நின்னா, பக்கத்து ஆள் கத்தறதே கேக்காதுங்க. சத்தம் உள்ள போகாம ரெண்டு காதையும் மூடிக்கச் சொல்லி கும்மாச்சி மாதிரி ஒண்ணு குடுத்திருந்தாங்க. எல்லாரும் ஒழுங்கா மாட்டிக்குவாங்க. நான் அதைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு வாக்மேனை மாட்டிக்குவேன், வாக்மேன் காலம் போனதும் செல்லு. டர்பைனை ஜெயிக்கணும்னா சத்தத்தைக் கடைசி வரைக்கும் வைக்கோணும். சூப்பர்வைசர் வந்தா மட்டும் கும்மாச்சி மேல ஏறும். வேலை நேரத்துலகூட சங்கீதத்தை விடாத ரசிகன்னு எனக்கு என்ற மேலயே ஒரு பெருமை.

நாப்பது வயசுக்கு மேல புதுப் பாட்டு எதுவும் எனக்கு ஆகாமப் போச்சு. "வெறும் டமடமதான். ஒரு குழல் இருக்குதா, வயலின் இருக்குதா? இதைப் போய்க் கேக்கறீங்களே"ன்னு கேன்டீன்ல உக்காந்து தீர்ப்புச் சொல்லுவேன். ரவிக்குமார், "இருக்குதுங்கண்ணா, நல்லாக் கேட்டுப் பாருங்க"ம்பான். "எனக்கே பாட்டு கேக்கச் சொல்லித் தர்றியா?"ன்னு அவன் வாயை அடைச்சிருவேன்.

பங்கஜத்தோட வாயை அடைச்சதும் அந்தக் காலத்துலதான். இன்ஜினியர் சார் ரிட்டையர் ஆகி அப்புறமா ஊட்டிக்கு வந்தவர், என்னைப் பார்க்க ஊட்டுக்கு வந்தார். இவ அடுப்படியில சந்தகை பிழிஞ்சுட்டே, அந்த வருசம் மூலைக்கு மூலை ஓடின ஒரு குத்துப் பாட்டைப் பாடிட்டிருந்தா. சார் கேட்டுட்டுச் சிரிச்சார். பிடிச்சுச் சிரிச்சாரோ என்னமோ, எனக்கு மானமே போன மாதிரி ஆயிருச்சு. "லாரி ஸ்டாண்டுப் பாட்டெல்லாம் இந்த ஊட்டுல வேண்டாம். வாயை மூடிட்டு வேலையைப் பாரு"ன்னு அவருக்குக் கேக்கறாப்புலயே கத்தினேன். அவ சந்தகையைக் கொண்டுவந்து வெச்சுட்டு உள்ள போயிட்டா.

அதோட சரி. நான் ஊட்டுல இருக்கறப்ப அவ பாடி நான் கேட்டதே இல்லை. கோவம் தணிஞ்சா பாடுவான்னு ஒரு வருசம் பார்த்தேன், ரெண்டு வருசம் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சங்கீதம் தெரிஞ்சவன் குத்துப் பாட்டுக்காக மன்னிப்புக் கேக்கறதான்னு ஒரு வீம்பு. அந்த வீம்புலயே பதினேழு வருசம் ஓட்டிட்டேன்னா பார்த்துக்குங்க.

அவளுக்கு இப்ப என்ன பாட்டு பிடிக்கும்னு எனக்குத் தெரியலை. கோயம்புத்தூர்ல இருக்கற மக ராஜப்ரியாவுக்குப் போன் போட்டேன். "அம்மா கூடவே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதாப்பா? அவங்ககிட்டயே கேளுங்க"ன்னா. அதுக்கு மேல அவ என்னமோ சொன்னா, எனக்குப் பிடிபடலை. இந்த மலையில டவர் எப்பவும் இப்படித்தான்னு போனை வெச்சுட்டேன். கடைசியில, அன்னிக்குச் சந்தகையோட நின்னுபோன அந்தக் குத்துப் பாட்டையே முதல்ல எழுதினேன். லிஸ்ட்டைப் பார்த்து ரவிக்குமார், "அண்ணா, நீங்களா இது?"ன்னான். "போடுறா"ன்னேன்.

மாசக் கடைசி நாள் மத்தியானம், பனிமூட்டத்துல ஜீப்பு கெளம்புச்சு. முதல் பாட்டுக்கே பசங்க ரோட்டை அடைச்சுட்டு ஆடினாங்க. நான் மாலையும் கழுத்துமா நின்னுட்டு எங்க குவார்ட்டர்ஸ் வாசலையே பார்த்துட்டிருந்தேன். அவ ஆரத்தித் தட்டோட நின்னா. பாட்டைக் கேட்டதும் கண்ணு கலங்கும், என்னைப் பார்ப்பான்னு ஒரு எதிர்பார்ப்பு. அவ என்னடான்னா பக்கத்தூட்டு ஐவி டீச்சர்கிட்ட எதையோ சொல்லிச் சிரிச்சுட்டிருந்தா. பதினேழு வருசக் கோவம் ஒரு பாட்டுலயா தீரும்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

எல்லாரும் போன பொறவு பங்கஜம் டீ கொண்டுவந்து குடுத்துட்டு எதுக்கால உக்காந்தா. இனியும் விட்டா வாயே வராதுன்னு ஆரம்பிச்சேன்.

"முதல் பாட்டைக் கேட்டியா, பங்கஜம்?"

"கேட்டனே. பசங்க ஆடறதுக்குப் போட்டாங்களாக்கும்?"

"உனக்காகத்தான் போட்டேன். அன்னிக்கு சார் முன்னால உன்னை அப்படிப் பேசினது தப்பு. பெரிய தப்பு. நீ மறுபடியும் பாடோணும்."

அவ டம்ளரைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தா.

"ஏனுங்க, நான் எப்பங்க பாடறதை நிறுத்தினேன்?"

"அன்னிக்குத்தான்."

"அன்னிக்கு அழுகை வந்துது, நெசந்தான். ஒரு வாரம் பாடலை. அப்புறம் நீங்க பேப்பர் படிச்சுட்டிருந்தப்ப மெல்லப் பாடிப் பார்த்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லலை. சரி, மனுசன் திருந்திட்டார், சொல்றதுக்கு வெக்கப்படறார்னு நெனைச்சுட்டேன். அதுல இருந்து தெனமும் அதே மாதிரி மெல்லப் பாடிட்டுத்தானே இருக்கறேன். இன்னிக்குக் காலையில உங்க சட்டையைத் தேய்ச்சப்பக்கூடப் பாடினனே."

காலையில அவ சட்டை தேய்ச்சப்ப நான் மூணடி தள்ளிக் கட்டில்ல உக்காந்திருந்தேன். முதுகைத் திருப்பிட்டுத் தேய்ச்சா. எனக்கு எதுவும் கேக்கலை.

அப்பத்தான் என்ற மரமண்டைக்கு உறைச்சுது. எதுக்கால உக்காந்து பேசறவங்க பேச்சை, வாயசைவைப் பார்த்தே பாதி புரிஞ்சுட்டிருந்திருக்கறேன். மக போன்ல பேசினப்ப டவர் சரியாத்தான் இருந்திருக்குது. கேன்டீன்ல நான் இல்லைன்னு சொன்ன குழலும் வயலினும் அந்தப் பாட்டுகள்ல இருந்திருக்குது. அதெல்லாம் வந்து சேர வேண்டிய காதைத்தான் டர்பைனுக்குப் போட்டியா நானே கொன்னுட்டேன். காது போனதே தெரியாம, பாட்டு கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்கறேன்.

என்ற மூஞ்சியப் பார்த்தே அவளுக்கும் வெளங்கிருச்சு. "அப்ப உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"ன்னு மொதல்ல சிரிச்சா. நல்லா வாய்விட்டுச் சிரிச்சா. சிரிச்சுட்டே இருந்தவ நடுவுல நிறுத்திட்டா.

"நீங்க கேக்கறீங்கன்னு நெனைச்சுத்தானுங்க பாடினேன்" அப்படின்னா.

வீம்பு பிடிக்காம அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எனக்குக் கேக்கலைங்கறது அப்பவே தெரிஞ்சிருக்கும். மிச்சம் இருந்த காதையாவது காப்பாத்தியிருக்கலாம். இவ பாடினதுல பாதியாவது கேட்டிருப்பேன். இதையெல்லாம் அவகிட்டச் சொல்லோணும்னு நெனைச்சேன், முடியலை. "இப்ப உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"னு மட்டும் கேட்டேன்.

அவ செல்லை எடுத்து ஒரு பாட்டைப் போட்டு மேசை மேல வெச்சா. போன வருசத்துப் பாட்டு. வெறும் டமடமன்னு நான் ஒதுக்கினதுல அதுவும் ஒண்ணு.

"இதுல நடுவுல சலங்கைச் சத்தம் வரும். அதுக்காகவேதான் எனக்கு இது பிடிக்கும்"னா.

"வந்துருச்சா?"

"இன்னும் இல்லை. இருங்க, வந்தா சொல்றேன்."

ரெண்டு பேரும் செல்லுப் பக்கமாக் குனிஞ்சு உக்காந்தோம். எனக்கு டமடமன்னு மட்டும் கேட்டுட்டிருந்துது. ஒரு எடத்துல அவ மூஞ்சி மலர்ந்துது. ஒத்தை வெரலை மேல தூக்கிக் காட்டினா. சலங்கைச் சத்தம் ஓடற வரைக்கும் அந்த வெரல் எறங்கவே இல்லை. ரொம்ப நேரம் எறங்கலை.