மூன்று வாஷ் கண்ட ஆங்கிலம்

திருப்பூரில் அந்த பனியன் கம்பெனியில், ஆட்களின் ஆங்கிலத்தையும் துணி சோதிக்கும் லேபில்தான் சோதிப்பார்கள். பேசியதை வட்டமாக வெட்டி எடை போடுவார்கள், மூன்று முறை துவைப்பார்கள், கடைசியில் வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தேறியவர்களுக்கு மாடியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும் வேலை.

அந்த வேலைக்கு நாற்காலி உண்டு. பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் மேசை முன்னால் நின்றே ஓட்டை இருக்கிறதா என்று பனியன் பார்த்த மயிலாத்தாளை முழங்கால் இரண்டும் பாடாய்ப் படுத்தின. மெயிலும் பையரும் யாருக்கு வேண்டும்? உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தொழில் தெரிந்தவள் ஆயிற்றே. துவைத்தால் சுருங்கும் என்று கொஞ்சம் நீளமாகவே பேசிவைத்தாள். சரக்கு தாமதமாகும் என்று சொல்ல, மரியாதைக்குரிய ஐயாவில் தொடங்கி, ஆங்கிலத்தில் கிடைத்த பணிவையெல்லாம் சேர்த்து முக்கால் மீட்டர் விட்டாள். லேப் டெக்னீஷியன் கதிரேசன் அதை மெஷினில் போட்டான். முதல் வாஷில் பணிவு போயிற்று. இரண்டாவதில் ஐயா போனார். மூன்றாவதில் "சரக்கு லேட்" மட்டும் வெளியே வந்தது. கம்பெனி கேட்ட அளவும் அதுதான். மயிலாத்தாளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தேய்த்தபோதுதான் சிக்கல். வெள்ளைத் துணியில் லேசாக மஞ்சள் ஒட்டியது. கதிரேசன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, நம்மூரு 'ங்க' இறங்குதுங்க."

"எத்தன அலசுனாலும் அது போகாதுங்க தம்பி. பொறந்ததுல இருந்து ஏறுன சாயம்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த மஞ்சளை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள். சாயம் இறங்கினால் பையர் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. கறை பட்ட துணியைக் கூரியரில் டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் பதில் வந்தது. நிறம் பிடித்திருக்கிறதாம், இனி எல்லா மெயிலும் இதே ஷேடில் வேண்டுமாம். பையரின் கையெழுத்துக்குப் பக்கத்திலும் அந்த மஞ்சள் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

மாடிக்குக் கிளம்பியவளைச் சூப்பர்வைசர் நிறுத்தினார். முழங்கால் வலி செக்கிங் பிரிவில் உண்டானது, அதைக் கீழேயே ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்றார். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு வலியையும் கழற்றி மேசை முன்னால் நிறுத்திவிட்டு மாடியேறினாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததும் அப்பாடா என்றிருந்தது. கீழே வலிகள் இரண்டும் நின்றபடியே சாயங்காலத்துக்குள் அறுநூறு பனியன் பார்த்து முடித்தன. ஒரு ஓட்டைகூட அவற்றின் கண்ணுக்குத் தப்பவில்லை.