மூலை கம்ப்யூட்டரின் பச்சைப் புள்ளி

கீழ்க்கட்டளையில் சந்திரிகா வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் எல்லாமே லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் 'கெஸ்ட்' என்ற ஒரே பெயரில்தான் உள்ளே நுழைய வேண்டும். மஸ்கட்டில் வேலை செய்யும் கணவர் துரையோடு சாட்டில் பேச சரோஜினி அங்கே வருவாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவள் பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் அவருடைய டீ நேரம் முடிந்துவிடும்.

சந்திரிகாவுக்கு மனம் கேட்கவில்லை. மூலை கம்ப்யூட்டரில் சரோஜினியின் பாஸ்வேர்டைச் சேமித்துவைத்தாள். கெஸ்ட் என்ற பெயரில் நுழைந்ததுமே அவளுடைய சாட் தானாகத் திறக்கும்படி செய்துவிட்டாள்.

"இன்னா சந்திரி, என்னைப் பாத்ததும் உன் பொட்டி எழுந்து நிக்குது!"

"உங்க நாத்தனார்கூட இவ்ளோ மரியாதை தர மாட்டாங்க இல்லக்கா?"

சரோஜினி இல்லாதபோது அந்த நாற்காலியில் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். தானாகத் திறந்த சாட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரிசல்ட் பார்த்தார்கள், மெயில் அனுப்பினார்கள். அந்த நேரமெல்லாம் துரையின் திரையில் சரோஜினியின் பெயர் அருகே, அவள் ஆன்லைனில் இருப்பதாகக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது, யாரோ ஏற்றிவைத்து மறந்துபோன விளக்கைப் போல. சந்திரிகாவுக்கு இது தோன்றவே இல்லை.

ஒருநாள் சரோஜினி வாடிய முகத்தோடு வந்தாள்.

"நாளெல்லாம் யார்கூட பேசிக்கினு கீறேன்னு கேக்குறாரு. அவர் கூப்ட்டா மட்டும் பதிலே இல்லியாம். வூட்ல சோறு ஆக்கிக்கினு இருந்தேன்னா நம்ப மாட்டேங்கிறாரு."

சந்திரிகாவுக்குச் சட்டென்று புரிந்தது. கூடவே வெட்கமும் வந்தது. "ஏதாவது கோளாறா இருக்கும், பாக்கிறேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். சரோஜினி போனதும் அந்த ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் நீக்கினாள். புள்ளி அணைந்தால் சந்தேகமும் அணைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சரோஜினி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"நான் கேட்ட அன்னிக்கே பேசுறத நிறுத்திட்ட பாத்தியா, அப்ப உண்மைதானேன்றாரு."

சந்திரிகா எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, அவளுடைய சாட்டிலேயே தான் யாரென்று சொல்லி, நடந்ததைத் துரைக்கு விளக்கமாக எழுதினாள். வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

'இப்படி எழுதுன்னு அவ சொல்லிக் குடுத்தாளா?'

சந்திரிகா மறுபடி எழுதத் தொடங்குவதற்குள் அவர் சாட்டை விட்டு வெளியேற, அவர் பெயர் சாம்பல் நிறமானது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு, சந்திரி" என்றாள் சரோஜினி.

அவள் குரலில் கோபமே இல்லை.