பத்து மணிப் பால்

எனக்குத் தெரியாத பிள்ளை நோய் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவள். இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தைப் பார்க்கிறேன். தாய்மார் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்க ஓடி வருவார்கள். 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று இப்போது வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்கிற வயதில் என்னிடம் ஒரு பிள்ளையும் இல்லை.

ஒரு பிள்ளை அழுதால் பசியா, வயிற்று வலியா, வெறும் அழிச்சாட்டியமா என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவேன். பெற்றவள் முழித்துக்கொண்டு நிற்பாள். அதைச் சொல்லிக்காட்டாமலும் விட்டதில்லை. ஏனென்றால் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு உண்டு. "சூசையம்மா என்னத்தக் கண்டா? பெத்திருந்தாத்தான தெரியும்." பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குப் பிள்ளை இல்லை, பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து தாய்மாரைவிட எனக்கு ஒன்று கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. எல்லாம் அந்த வீம்பால் வந்த வினை.

மடுவத்தின் பின்பக்கம் ஒரு பூனை திரிந்தது. சாம்பல் உடம்பு, கறுப்பு வரி, இடது காதில் பாதி இல்லை. யாருக்கும் பிடிகொடுக்காது. லயத்து வரிசை வீடுகளின் நாய்கள்கூட அதைக் கண்டால் வேறு வேலை பார்க்கப் போய்விடும். அதனால் சண்டியன் என்று பெயர் வைத்தேன். பத்து மணிக்குத் தாய்மார் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கொஞ்சம் கை ஓயும். அப்போது கருவாட்டுத் துண்டோடு ஒரு பிடி சோறு பின்படியில் வைப்பேன். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் சாப்பிடும். அவ்வளவு ராங்கி. அந்த ராங்கிக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

சித்திரைப் புத்தாண்டு நேரம் சண்டியன் நன்றாகக் கொழுத்திருந்தான். என் கருவாடு உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று பெருமைப்பட்டேன். அப்புறம் ஐந்தாறு நாள் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான். முதுகெலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. ரோமம் சடைசடையாக நின்றது. சாப்பிட்டுவிட்டுத் தாவும்போது கவனித்தேன், வயிற்றில் வட்டவட்டமாக முடி கொட்டியிருந்தது. முன்பெல்லாம் கதவு சாத்தும்வரை பொறுக்கிறவன், இப்போது என் கை தட்டிலிருந்து எடுபடுமுன் பாய்ந்து விழுங்கினான். விழுங்கியதும் நிற்பதில்லை, ஓட்டம்தான். பழைய சாமான் போட்டு வைக்கும் பின்னறைப் பக்கம் நான் போனால் சீறினான்.

சொறி என்று முடிவு கட்டினேன். வயிற்றில் பூச்சியும் இருக்க வேண்டும்.

அன்றைக்கு விதுஷா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை, நாலு மாசம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பசியா இருக்கும்க்கா. அது திங்கிறதப் பாருங்க. எனக்கும் இப்ப அப்படித்தான் இருக்கு. எவ்வளவு தின்னாலும் பத்தமாட்டேங்குது" என்றாள்.

"உனக்கு எல்லாமே சோறுதான். அது சொறி. இருபத்திரண்டு வருஷமாப் பாக்குறவளுக்கு நீ பாடம் எடுக்காத."

பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றத் தாய்மார் சிரித்தார்கள். எனக்கு அது இனித்தது.

அந்த வாரம் நலன்புரி உத்தியோகத்தர் விஜேந்திரன் வந்தார். பூனையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பிள்ளைங்க இருக்கிற எடத்துல இது என்னங்க? சாக்குல கட்டி பண்டாரவளைச் சந்தையில கொண்டுபோய் விடச் சொல்றேன்."

"ஒரு கிழமை குடுங்க சேர். நானே மருந்து செஞ்சு காட்டுறேன். சொகமாகலன்னா நீங்க சொல்றபடி செய்யலாம்."

அவர் யோசித்துவிட்டு, ஒரே ஒரு வாரம் என்றார். போகும்போது பின்னறையைக் காட்டி, கூரை ஒழுக்கை எப்போது சரிபார்க்கலாம் என்று கேட்டார். மழையில் கதவு ஊதிப்போய் அதை நான் இரண்டு மாசமாகத் திறக்கவில்லை. ஜன்னலில் ஒரு கண்ணாடியும் இல்லை. உள்ளே ஏதோ கீச்சுக்கீச்சென்கிறது, எலி அடைந்திருக்கிறது போல, கூரைக்கு வரும்போது அதற்கும் ஏதாவது வழி பாருங்கள் என்றேன்.

பதுளையில் மிருக வைத்தியரிடம் காட்டுவது என்று தீர்மானித்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் போய் நிற்க வேண்டும். தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் நேரத்துக்குப் போக முடியாது. பதுளையில் தங்கச்சி வீடு இருக்கிறது. சனிக்கிழமை பிடித்து, ஞாயிறு கொண்டுபோய், திங்கள் காட்டலாம். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லி, மடுவத்தைப் பார்க்க ஜெசிந்தினியை ஏற்பாடு செய்தேன். நல்ல பிள்ளை, என்னிடம் வேலை பழகியவள்.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, பக்கத்து லயத்தில் வாங்கிய கோழிக்கூட்டைப் பின்படியில் வைத்தேன். உள்ளே எங்கள் வீட்டுப் பழைய துவாய் ஒன்றை விரித்து, டின் மீனை உடைத்து வைத்தேன். மற்ற நாளாக இருந்தால் சண்டியன் அந்தக் கூட்டை மதித்திருக்க மாட்டான். அன்றைக்கு நேரே உள்ளே போனான். கதவை இழுத்துவிட்டேன். கம்பியில் மோதி மோதி மூக்கில் ரத்தம் வந்தது. நான் கூட்டின் மேல் தடித்த படங்குத் துணியைப் போட்டு மூடினேன். "ஒன்னோட நன்மைக்குத்தான்" என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது.

இரவெல்லாம் கத்தினான். நோவு தாங்காமல் கத்துகிறான் என்று நினைத்தேன். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர், "என்ன, கோழியா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு கத்தல். "நல்ல கோழிதான்" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்தேன்.

தங்கச்சி வீட்டில் மீன் வைத்தோம், பால் வைத்தோம். தொடவில்லை. பின்னேரம் பார்த்தபோது துவாய் நனைந்திருந்தது. மூத்திரம் என்று நினைத்து, மாற்றுவதற்காகக் கம்பி இடுக்கால் இழுத்தெடுத்தேன். மோந்து பார்த்தேன். மூத்திர வாடை இல்லை. இலேசாகப் புளித்த, இனிப்பான ஒரு வாடை.

பத்து மணி ஆனால் நெஞ்சு நனைந்த சட்டையோடு பெண்கள் ஓடி வருகிற இடத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். எனக்கு அந்த வாடை தெரியாதா? தெரியும். தொட்டில் சேலையில், பிள்ளைகளின் கழுத்தில், என் மடியில், என் வாழ்நாள் முழுக்க இருந்த வாடை அது. ஆனால் சண்டியன் கடுவன் என்றும், அவனுக்குச் சொறி என்றும் நான் ஊருக்கே சொல்லி முடித்திருந்தேன். அதனால் என் மூக்கு சொன்னதையே நான் கேட்கவில்லை. "புண்ணுலேருந்து நீர் வடியுது" என்று தங்கச்சிக்கு விளக்கம் வேறு சொன்னேன். அவளும் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள்.

வைத்தியர் ரிஸ்கா சின்ன வயசுக்காரி. தடித்த கையுறை போட்டு, துணியால் சுற்றி, பூனையைப் பக்கவாட்டில் திருப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது கடுவன்னு யாரு சொன்னது?"

"காது அறுந்து கெடந்திச்சிங்க. அதான்..."

"இது பொட்டப் பூனை. குட்டி போட்டு ரெண்டு கிழமை இருக்கும். முடி கொட்டினது சொறி இல்ல. குட்டிங்க பால் குடிச்ச எடம். பாருங்க, பால் கட்டி எப்படி இருக்குன்னு." அவர் விரலால் இலேசாகத் தொட்டதும் பால் வந்தது. "எப்ப பிடிச்சீங்க?"

"சனிக்கிழமை பின்னேரம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "குட்டிங்க எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பின்னறையும் அந்தக் கீச்சுச் சத்தமும் நினைவுக்கு வந்தன. "மடுவத்துப் பின்னறையிலங்க" என்றேன்.

"மருந்து ஒண்ணும் வேணாம். சொணங்காமப் போங்க" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெசிந்தினிக்குப் போன் அடித்தேன். அவள் எடுக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கும்போது போனைத் தொடக்கூடாது என்று நான்தான் பழக்கியிருந்தேன். பண்டாரவளைவரை பஸ், அங்கிருந்து த்ரீவீலர். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நான் மனசுக்குள் ஏசினேன். ஏறுகிறவர்களை ஏசினேன், இறங்குகிறவர்களை ஏசினேன். என்னை ஏசத் துணிவு வரவில்லை.

மடுவத்துக்கு வரும்போது பன்னிரண்டரை. ஜெசிந்தினி வாசலுக்கு வந்தாள்.

"பின்னறையில சத்தம் கேட்டிச்சா?"

"ஆமாக்கா. காலையில வந்ததுலேருந்து கேட்டிச்சு. எலின்னு நீங்கதான சொன்னீங்க. பத்து மணிக்குப் பால் குடுக்க எல்லாரும் வந்தாங்க இல்ல, அதுக்குப் பொறகு ஒண்ணும் கேக்கல."

கூட்டைத் திறந்தேன். தாய்ப்பூனை தேயிலைக்குள் ஓடவில்லை. ஒரே தாவலில் உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே போனாள். ஜெசிந்தினியும் நானும் தோள் கொடுத்து ஊதிய கதவைத் தள்ளினோம்.

கிழிந்துபோன தொட்டில் சேலைகளை நான்தான் அங்கே போட்டு வைத்திருந்தேன். அந்தக் குவியலுக்குள் நாலு குட்டிகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மூன்று விறைத்திருந்தன. ஒன்று இன்னும் விறைக்கவில்லை. அதை எடுத்து நெஞ்சோடு வைத்துத் தேய்த்தேன், ஊதினேன், என்னென்னவோ செய்தேன். பிள்ளைகளுக்குச் செய்கிற எல்லாம் செய்தேன். ஒன்றும் இல்லை. அவள் மற்ற மூன்றையும் நக்கிக்கொண்டிருந்தாள். காலால் புரட்டினாள். நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கூப்பிட்டாள். பிறகு பக்கவாட்டில் படுத்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

இத்தனை லயம், இத்தனை மாட்டுக்கொட்டில் இருக்க, அவள் பிள்ளை பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் கொண்டுவந்து விட்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாய்மார் என்னை நம்பி விட்டுப் போகிற மாதிரியே அவளும் விட்டிருக்கிறாள். நான் என்ன செய்தேன்? சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை பசியில் கத்தியதை எலி என்றேன். அடுப்படியில் நின்றே எந்த அழுகை எதற்கு என்று சொல்லுகிறவள் நான்.

பின்னேரம் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். விஜேந்திரன் போனில் கேட்டார், பூனைக்குச் சுகமா என்று. "அதுக்கு நோயே இல்ல சேர்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து ஓடி வந்தார்கள். அவளும் வந்தாள். பின்னறைக்குள் போய், அந்தச் சேலைக் குவியலில் பக்கவாட்டில் படுத்தாள். நான் கதவருகில் நின்றேன். என்னைப் பார்த்தாள், சீறவில்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போனாள். பின்படியில் வைத்த டின் மீனை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவள் படுத்த இடத்தில் கை வைத்தேன். சேலை நனைந்திருந்தது.

அதற்கு அடுத்த நாளும் வந்தாள். விதுஷா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீ அன்னைக்குச் சொன்னது சரி விதுஷா. நான்தான் காதுல போட்டுக்கல."

"நான் எனக்குத் தோணினதச் சும்மா சொன்னேன்க்கா. எனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள். பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "பால் கட்டினா ரொம்ப வலிக்கும்க்கா. அதுக்கும் வலிக்குமே" என்றாள்.

அந்த வலி எனக்குத் தெரியாது. முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். "எனக்குத் தெரியாதுடி" என்றேன். அவள் என் தோளில் கை வைத்தாள். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள்.

ஐந்து நாள் அப்படி வந்தாள். ஒவ்வொரு நாளும் அவள் போன பிறகு நான் போய்ச் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஆறாம் நாளும் பத்து மணிக்கு வந்தாள், படுத்தாள், எழுந்து போனாள். சேலையைத் தொட்டேன். காய்ந்திருந்தது.